கடைசி அரை மணி நேரம்

என் கைப்பையில் இப்போதெல்லாம் இரண்டு மூங்கில் ஊசிகள் இருக்கின்றன. 5 மில்லிமீட்டர் கனம், பென்சிலைவிடக் கொஞ்சம் நீளம். வானொலி நிலைய வாசலில் பாதுகாவலர் முதல் நாள் அவற்றைப் பார்த்துவிட்டு, "சாப்ஸ்டிக்கா?" என்று கேட்டார். பின்னல் ஊசி என்றேன். அவர் நம்பவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூடத் தையல் கடையைத் தேடிப் போகிறவள் நான். இடைநிலைப்பள்ளியில் கெமாஹிரான் ஹிடூப் பாடத்துக்காக நான் தைத்த ஏப்ரனை ஆசிரியை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். எப்படித் தைக்கக் கூடாது என்பதற்கு அது உதாரணமாம்.

அப்படிப்பட்டவள் இந்த ஆண்டு ஒரு ஸ்கார்ஃப் பின்னி முடித்திருக்கிறேன். இந்த நாட்டு வெயிலில் ஸ்கார்ஃப் யாருக்கு என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு.

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. பதினெட்டு வருடச் சர்க்கரை. நம் குடும்பங்களில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை, யாராவது ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். என் நிகழ்ச்சி காலை 10 மணிக்கு முடியும். 11 மணிக்கு அம்மாவைக் காரில் ஏற்றினால் பதினொன்றரை மணிக்கு ஊசி போட்டுவிடுவார்கள். பிற்பகல் மூன்றரைக்கு விடுதலை.

விடுதலை என்பது அம்மாவின் சொல்.

இதில் எங்களுக்குப் பெரிய எதிரியாக வந்து நின்றது ஊசி அல்ல, குளிர். உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி உள்ளே போகிறது. அந்தப் பயணத்தில் அது சூட்டை இழந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அறையில் ஏர்கோன். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை இருப்பது சகஜம், அதனாலும் குளிரும். இயந்திரத்தில் ஓடும் திரவத்தின் சூட்டைக் கூட்ட முடியாதா என்று தாதியிடம் கேட்டேன். முடியும், ஆனால் அம்மாவுக்குப் பாதியிலேயே ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது, அது இறங்காமல் இருக்கத்தான் சூட்டைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருக்கிறோம் என்றார். ஆக, சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

ஸ்வெட்டர் போட முடியாது. இடது கையில் ஃபிஸ்துலா இருக்கிறது. ஊசி ஏறிய இடம் எப்போதும் தாதியின் கண்ணில் பட வேண்டும், நழுவி ரத்தம் கசிந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகக் கையைத் திறந்தே வைத்திருப்பார்கள். போர்வையும் இடுப்பு வரைதான். கழுத்தும் தோளும் வெறுமையாகக் கிடக்கும். மூன்று மணி நேரம் பொறுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு பல் கிட்டத் தொடங்கும்.

"மிஸ்ஸி, போதும், கழட்டிடுங்க" என்று கேட்பார். இன்னும் அரை மணி நேரம்தான் அம்மா என்பார் தாதி. "அரை மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?" என்பார் அம்மா.

நிறைய ஆகும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஒன்றரை மணி, மாதத்துக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல். மாதத்தில் ஒன்றரை தடவை வராமலே இருந்ததற்குச் சமம். எடுக்க வேண்டிய நீர் எடுக்கப்படாமல் காலிலும் நுரையீரலிலும் தங்கும். இதையெல்லாம் நான் அழகாக, வரிசையாக, இடைவெளி விட்டு எடுத்துச் சொன்னேன். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியதும் பத்து வருடம் மைக் முன்னால் உட்கார்ந்ததும் வேறு எதற்கு? அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரேடியோவுல பேசுற மாதிரி எங்கிட்ட பேசாதே."

அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த அறையில் நாங்கள் அதிகம் பேசவில்லை. எங்கள் தொழிலில் சில விநாடி அமைதி விழுந்தாலே டெட் ஏர் என்பார்கள், பொறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிடுவார். இங்கே அது மணிக்கணக்கில் போனது. நான் கைத்தொலைபேசியைப் பார்ப்பேன். அம்மா கூரையைப் பார்ப்பார்.

பக்கத்து நாற்காலி நோயாளியின் மனைவி ஒரு சீன ஆன்ட்டி. எழுபது வயதிருக்கும். கணவர் தூங்கியதும் பையைத் திறந்து பின்னத் தொடங்குவார். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் பொழுதுபோக்காக இருந்தது. ஒரு நாள் நான் அம்மாவின் கழுத்தைச் சுற்றித் துவாலையைச் செருகிக்கொண்டிருந்தபோது, "துவாலை ஏன்? ஒன்று பின்னிக் கொடேன், அமோய்" என்றார் மலாயில். எனக்குத் தெரியாதே என்றேன். தெரிந்துகொண்டா பிறந்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்குப் போனேன். அங்கே துணிக்கடைகளுக்கு நடுவில் ஒரு கைவினைக் கடை. சுவர் முழுக்க நூல். கம்பளி வாங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கடைக்காரப் பெண், யாருக்கு என்று கேட்டுவிட்டுத் தடுத்தார். நோயாளிக்கு என்றால் அரிக்கக் கூடாது, அடிக்கடி துவைக்க முடிய வேண்டும் என்று மில்க் காட்டன் பக்கம் அழைத்துப் போனார். பருத்தியும் செயற்கை இழையும் கலந்த மிருதுவான நூல். 50 கிராம் உருண்டை 6 வெள்ளி 50 காசு. நான்கு உருண்டை எடுத்தேன். நிறம் மங்கிய மஞ்சள். அடர்ந்த நிறத்தில் தொடங்காதே, கண்ணி தெரியாது என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். ஊசியையும் வழுக்கும் அலுமினியத்தில் வாங்காமல் மூங்கிலில் வாங்கச் சொன்னதும் அவர்தான். மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், புதுக் கை நடுங்கினாலும் கண்ணி நழுவி ஓடாது.

கண்ணி என்ற சொல்லை வைத்தது அம்மா. ஊசியில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஆன்ட்டி ஏதோ கேன்டனீஸில் சொன்னார், கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணிதானே" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

முதலில் 30 கண்ணி ஏற்ற வேண்டும். அது ஒரு பாடு. பிறகு உள்ளதெல்லாம் ஒரே ஒரு வேலைதான். வலது ஊசியை இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் நுழைக்க வேண்டும், நூலை அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக இழுத்து எடுக்க வேண்டும், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து விட்டுவிட வேண்டும். நுழை, சுற்று, இழு, விடு. வரி முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடியும் அதே. இரண்டு பக்கமும் அதே தையலைப் போடுவதால் துணி சுருண்டுகொள்ளாது, தட்டையாகக் கிடக்கும். கார்ட்டர் தையல் என்று பெயர். கடையில் வாங்கும் பனியனைப் போல ஒரு பக்கம் வழவழப்பாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் அடுத்த வரியை வேறு மாதிரி பின்ன வேண்டும், ஓரங்களும் சுருளும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

நான்கே சொல்தான். ஆனால் என் முதல் வரிக்கு இருபது நிமிடம் பிடித்தது. நூலை அப்படி இறுக்கியிருந்தேன், அடுத்த வரியில் ஊசி நுழையவே இல்லை. "தாங்கான் ஜாங்கான் கெராஸ்" என்றார் ஆன்ட்டி. கையை விறைக்காதே. சொல்வது சுலபம். விறைக்காமல் விட்டால் கண்ணி தொளதொளவென்று மீன் வலை மாதிரி ஆனது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே படுத்திருந்த அம்மா அன்றுதான், இரண்டு வாரத்துக்குப் பிறகு, வலிய வந்து பேசினார்.

"பூ கட்டத் தெரியாதவளுக்கு இது எங்க வரும்?"

அம்மா பிறந்தது கேமரன் மலையில். 1929-இல் போ தோட்டம் தொடங்கியதிலிருந்தே அந்த மலைச் சரிவுகளில் தமிழர்கள் கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள். பாட்டியும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்தான். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு இறங்கி வந்த அம்மா, வீட்டு வாசலில் மல்லிகை கட்டி விற்றுத்தான் எங்கள் இரண்டு பேரின் டியூஷன் காசை அடைத்தார். ஒரு முழம் கட்ட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு கண்ணி போடுவேன் இப்போது. சின்ன வயதில் எத்தனையோ முறை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் படிப்பு இருக்கிறது என்று எழுந்து ஓடிவிடுவேன். பூ கட்டுவது எனக்கு வேண்டாத வேலையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"நூலை இழுத்துக் கட்டினா காம்பு அறுந்துடும். தளர விட்டா பூ உதிர்ந்துடும். நூல் விரலைச் சுத்திதான் வரணும், நீ கையில பிடிச்சுக்கிட்டு இழுக்கக் கூடாது" என்றார். அசைக்கக் கூடாத இடது கையை அப்படியே வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலுக்கு மேலே, நடு விரலுக்குக் கீழே, சுண்டு விரலில் ஒரு சுற்று. அப்படியே செய்தேன். நூல் தானாக ஓடி வந்தது, வேண்டிய அளவுக்கு மட்டும். ஆன்ட்டி எழுந்து வந்து என் விரல்களைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு குருமார்கள். ஒருவர் கையால் காட்டுவார். இன்னொருவர் படுத்த இடத்திலிருந்தே குரலால் ஓட்டுவார். பத்து வருடமாக நான் பேச அம்மா சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் பேச நான் கேட்டேன். எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் குறுக்கே பேசவும் முடியாது.

ஊசி போடும்போதும் கழற்றும்போதும் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். நடுவில் மட்டும் முகக்கவசத்தோடு உட்காரலாம். நூலுருண்டை தரையில் உருளாமல் மூடி போட்ட டப்பாவில் வைத்து, மூடியில் துளை போட்டு இழுத்துக்கொண்டேன். தாதி அதைப் பாராட்டிவிட்டு இரண்டு நிபந்தனை வைத்தார். ஓரத்தில் குஞ்சம் கட்டக் கூடாது, குழாயில் மாட்டும். கழுத்தைச் சுற்றியதும் முனை வலது பக்கம்தான் விழ வேண்டும், ஃபிஸ்துலா பக்கம் தொங்கக் கூடாது. ஆகவே நீளம் 150 சென்டிமீட்டர் என்று முடிவாயிற்று. அகலம் 18.

மூன்றாவது வாரம். ஒரு ஜாண் தாண்டியிருந்தது. பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கினார்.

"மேலே போகப் போக அகலமாகுதே. எண்ணு."

எண்ணினேன். 36. மறுபடி எண்ணினேன். 36-தான். முப்பதாக ஏற்றியது எப்போது குட்டி போட்டது? ஆன்ட்டி வாங்கிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நூல் ஊசிக்குக் கீழே தொங்க வேண்டும். நான் சில வரிகளில் அதை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறேன். அப்போது முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி, இரண்டு கண்ணி மாதிரி நிற்கும். ஒன்றை இரண்டாகப் பின்னிவிடுவோம். ஆரம்பக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் என்று ஆறுதல் சொன்னார். நீங்கள் தொடங்கினால் ஐந்து வரிக்கு ஒரு முறையாவது எண்ணிவிடுங்கள்.

யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விட்டுவிடலாம் என்றேன்.

"பிரி" என்றார் அம்மா.

மூன்று வாரம் அம்மா!

"எனக்குப் போடுறதுதானே? கோணலா வேணாம். பிரி."

மணி மூன்றாகப் போகிறது. வழக்கமாகத் தாதியைக் கூப்பிடும் நேரம். ஊசியை உருவிவிட்டு நூலின் முனையை அம்மாவின் வலது கையில் கொடுத்தேன். அவர் இழுக்க, நான் சுற்றினேன். வரி வரியாக அவிழ்ந்து வந்தது. பிரிந்த நூல் நேராக வராது தெரியுமா? வேகவைக்காத மேகி மாதிரி நெளிந்து நெளிந்து வரும். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இழுத்துக்கொண்டே தாத்தாவைப் பற்றிப் பேசினார். தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். மலையில் ராத்திரி 15 டிகிரி வரை இறங்கும். காப்பிப்பொடி நிறத்தில் அவரிடம் ஒரு மப்ளர் இருந்ததாம். விடிகாலையில் வேலை முடிந்து வந்ததும் அதைக் கழற்றி, தூங்குகிற பிள்ளைகளில் யார் கடைசியில் படுத்திருக்கிறதோ அதன் கழுத்தில் சுற்றிவிடுவாராம். அதற்காகவே அம்மா தினமும் கடைசி இடத்தைப் பிடித்துக்கொள்வாராம். முப்பத்து நான்கு வயதில் முதல் முறையாக இதைக் கேட்கிறேன். நான் பேட்டி எடுக்காத ஆளே இந்த நாட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

இயந்திரம் கூவியது. நிமிர்ந்து பார்த்தால் நேரம் முடிந்திருந்தது. முழு நான்கு மணி நேரம். தாதி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிரித்த நூலை வீட்டில் நனைத்துத் தொங்கவிட்டேன், நெளிவு பெரும்பாலும் போய்விட்டது. மறுபடி 30 கண்ணி. இம்முறை வரிக்கு மூன்று நிமிடம்தான். ஏறக்குறைய 500 வரி, 15,000 கண்ணி. நடுவில் ஒரு கண்ணி நழுவி நாலு வரி கீழே இறங்கி ஓடியது, ஆன்ட்டி ஒரு கொக்கி ஊசியால் ஏணி ஏறுவது போல அதை மேலே கூட்டி வந்தார். புதிய உருண்டையை வரியின் நடுவில் சேர்க்காமல் ஓரத்தில் சேர்க்கக் கற்றேன். நிலையத்தில் பாடல் ஓடும் நான்கு நிமிடத்தில் ஒரு வரி முடிக்கலாம் என்பதையும் கற்றேன், ஒரு நாள் பாடல் முடிந்தது தெரியாமல் எட்டாவது கண்ணியில் இருந்தேன். அந்த டெட் ஏருக்குக் கிடைத்த திட்டு தனிக்கதை.

எல்லா நாளும் பிரித்த நாள் போல இருக்கவில்லை. கால் தசை பிடித்து இழுத்த ஒரு வியாழக்கிழமை அம்மா இரண்டே முக்கால் மணிக்கே கழற்றச் சொல்லி அழுதார். பின்னலாவது மண்ணாவது என்று நானும் ஊசியைப் பைக்குள் போட்டுவிட்டு அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கழற்றினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை.

முதல் கண்ணியிலிருந்து கணக்குப் போட்டால் பதினோராவது வாரம் முடித்தேன். கடைசி வரியை இறுக்கி மூடினால் ஓரம் சுருங்கிவிடும், தளர மூடு என்று இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் தமிழிலும் ஒருவர் மலாயிலும் சொன்னார்கள். மொட்டை ஊசியால் நூல் முனைகளை உள்ளே செருகி மறைத்தேன். நான்காவது வரிசையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அம்மா அதை முதல் விநாடியே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் இந்த முறை பிரி என்று சொல்லவில்லை. விரலை அதில் விட்டுப் பார்த்துவிட்டுக் கழுத்தில் சுற்றிக்கொண்டார், முனை வலது பக்கம்.

அன்று இருபது நிமிடம் மீதம் இருக்கும்போது தாதியைக் கூப்பிட்டார். எனக்குப் பக்கென்றது. ஏர்கோன் இறக்கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்றரைக்கு வெளியே வந்தோம். கார் நிறுத்தத்தில் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. கழற்றும்மா, வேர்க்கும் என்றேன். கேட்கவில்லை. கடைத்தொகுதி முனையில் இளநீர் விற்கும் அண்ணன் ஒருவர், தினமும் எங்களைப் பார்ப்பவர், மஞ்சள் ஸ்கார்ஃபோடு அம்மா வருவதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, கேமரன் மலைக்குக் கெளம்பிட்டீங்களா?"

"அங்கேருந்துதான் வர்றேன்" என்றார் அம்மா.

காரில் ஏறியதும் ஏர்கோனை அணைக்கச் சொன்னார். கிள்ளான் வரைக்கும் நான் வேர்த்து ஒழுகிக்கொண்டே ஓட்டினேன்.